ஸ்பான்சர் எப்படிக் கேட்பது? கரைத் தூண்டில், வயது 16, டர்பன்

அலைவாய் | சாட்ஸ்வர்த் | சனி இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வயது 16. அப்பா சாட்ஸ்வர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர், அம்மா தூத்துக்குடி. அதனால் வீட்டில் தமிழ்தான்.

ஒன்பது வயதில் தாத்தாவோடு புளூ லகூனுக்குப் போய்த் தூண்டில் போடக் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடமாக ஒரு கிளப்பின் ஜூனியர் அணியில் கரைப் போட்டிகளுக்குப் போகிறேன். இந்த வருடம் மாகாண அணித் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தேறினால் அடுத்த போட்டி மேற்குக் கேப்பில். இங்கிருந்து 1,600 கிலோமீட்டர் வரும். பெட்ரோல், தங்குமிடம், நுழைவுக் கட்டணம், அணிச் சட்டை எல்லாமே எங்கள் கைக்காசு. அப்பா டெலிவரி வேன் ஓட்டுகிறார். அவரிடம் இதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தூண்டில் சாமான் விற்கும் 11 கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பினேன். ஒன்பது பேர் பதிலே போடவில்லை. ஒருவர் இந்த வருடப் பணம் முடிந்துவிட்டது என்றார். இன்னொரு கம்பெனி உடனே சரி என்றது. நான் அவர்களுடைய 'தூதர்' ஆகலாம், ஆனால் அவர்கள் ராடையும் (தூண்டில் கம்பு) ரீலையும் (நரம்பு சுற்றும் சக்கரம்) 30 சதவீதத் தள்ளுபடியில் நான் வாங்கிக்கொள்ள வேண்டும், வாரம் மூன்று வீடியோ போட வேண்டும். தள்ளுபடி போக 4,200 ரேண்ட். அந்தக் காசு இருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்?

நான் அனுப்பிய மெயில் இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சின்ன வயதிலிருந்தே மீன்பிடிப்பதில் மிகுந்த ஆர்வம். நாட்டுக்காக விளையாட வேண்டும் என்பது என் கனவு. எங்களுக்கு வசதி இல்லை. ஒரு ராட், ஒரு ரீல், தூண்டில் நரம்பு ஆகியவற்றைத் தந்து உதவினால் என்றும் நன்றியுடன் இருப்பேன்."

இதில் என்ன தப்பு? தயங்காமல் சொல்லுங்கள்.


பிளஃப்_மாமா | சனி இரவு 9.40

வாம்மா. முதலில் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் மீன் எங்கே? ஒரு மீனின் பேர்கூட இல்லையே. என்ன பிடித்திருக்கிறாய், எங்கே, எப்படி?


அலைவாய் | சனி இரவு 10.05

மாமா, அதை எழுதினால் பெருமையடிப்பது போல இருக்குமோ என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடமாக நோட்டு எழுதுகிறேன். மொத்தம் 61 தடவை கடலுக்குப் போயிருக்கிறேன். அதில் 23 தடவை ஒன்றுமே கிடைக்காமல் திரும்பினேன். பெரியது என்றால் போன ஜூலையில் பார்க் ரைனி பக்கம் ஒரு டயமண்ட் திருக்கை. இரவு பதினொன்று இருக்கும். முழுச் சாளையை எலாஸ்டிக் நூலால் இறுக்கிச் சுற்றிப் போட்டிருந்தேன். ராடின் நுனி இரண்டு தடவை மெதுவாகத் தலையாட்டியது, அப்புறம் நரம்பு தளர்ந்து தொங்கியது. மீன் கரையைப் பார்த்து வருகிறது என்று தெரிந்து ஓடி ஓடிச் சுற்றினேன். பாரம் வந்ததும் அது மணலில் ஒட்டிக்கொண்டது. இருபது நிமிடம் ஒரு அடி நகரவில்லை. பூமியையே மாட்டிவிட்டேனோ என்று நினைத்தேன். விரலால் நரம்பைத் தட்டிக்கொண்டே இருந்தேன், சட்டென்று கிளம்பியது. சிறகுக்குச் சிறகு 1 மீட்டர் 42 செ.மீ. அளந்தோம், படம் எடுத்தோம். தண்ணீரில் இறக்கியதும் ஓரத்தை ஒரு தடவை அலைபோல் மடித்து மணலைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது.

ராட் கிளப் அண்ணன் ஒருவர் இரவல் தந்தது. 14 அடி. ரீல் அப்பாவுடைய பழசு.


பிளஃப்_மாமா | சனி இரவு 10.11

இதை வைத்துக்கொண்டா "மிகுந்த ஆர்வம்" என்று எழுதினாய்!


கணக்கு_அக்கா | ஃபீனிக்ஸ் | ஞாயிறு காலை 7.30

தங்கச்சி, நானும் என் கணவரும் ஒரு சின்னக் கடை நடத்துகிறோம். மாதத்துக்கு ஐந்தாறு பேர் இப்படிக் கேட்டு வருவார்கள். கால்பந்து அணி, நடனப் பள்ளி, காவடிக்குப் பந்தல், ஆடிக் கூழுக்கு அரிசி. கொடுக்கிற பக்கம் உட்கார்ந்திருப்பவளாகச் சொல்கிறேன்.

வசதி இல்லை என்பதை முதலில் சொல்லாதே. அது உண்மைதான், வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் அதைப் படித்ததும் என் மனது தர்மம் என்ற கணக்குக்குப் போய்விடும். அந்தக் கணக்கில் கோவிலும் இருக்கிறது, வெள்ளத்தில் வீடு போனவர்களும் இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த வரிசையில் ஒரு ரீல் எப்போதும் கடைசியில்தான் நிற்கும். நீ விளம்பரம் என்ற கணக்கில் வந்து நில். அங்கே நான் கேட்கப்போவது வேறு: என் கடையின் பேரை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் பார்ப்பார்கள், பார்க்கும்போது நீ என்ன செய்துகொண்டிருப்பாய்?

அடுத்தது, ஏன் தூண்டில் கம்பெனிகளிடம் மட்டும் போனாய்? அவர்களிடம் நாடு முழுக்க உள்ள பையன்கள் எல்லாம் எழுதுகிறார்கள். உன் தெருமுனையில் இருக்கும் டயர் கடைக்காரரிடம் தூண்டில் போடும் பெண் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? ஒருத்திகூட வந்திருக்க மாட்டாள். அவர் அப்பாவும் கடலுக்குப் போனவராகத்தான் இருப்பார். டர்பனில் தமிழ்க் குடும்பம் எதைத் தோண்டினாலும் ஒரு தூண்டில்காரர் கிடைப்பார்.

பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேள். பணம் கொடுக்க எங்களுக்குக் கை நடுங்கும். பொருளோ வேலையோ என்றால் யோசிக்காமல் தருவோம். டயர் கடை என்றால் டயர். அச்சகம் என்றால் சட்டையில் எழுத்து. பேக்கரி என்றால் வண்டியில் எடுத்துப்போக ரொட்டி.

அப்புறம், மெயில் வேண்டாம். நேரில் போ. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ, பேசுவது நீயாக இரு. சனிக்கிழமை காலை போகாதே, கடையில் கூட்டம் இருக்கும். செவ்வாய், புதன் மதியம் போ.


சாலிஸ்பரி_பேரன் | ஐசிபிங்கோ | ஞாயிறு காலை 9.15

எல்லோரும் ஊக்கம் கொடுக்கிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

என் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து டர்பன் குடாவில் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டவர். கரைவலை இழுத்த குடும்பம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீவு கடற்படைக்குப் போனது. அப்புறம் 1950-இல் குழுப் பகுதிச் சட்டம், இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்துவைத்த சட்டம். கடலோரத்தில் மிச்சம் இருந்தவர்களையும் தூக்கிக் கடல் கண்ணுக்கே தெரியாத மேட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். என் அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பையில் இரையும் தோளில் மூங்கில் கம்புமாக நடந்து, பஸ் பிடித்துக் கடலுக்குப் போவார். நல்ல கடற்கரைகளில் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை நின்றது. நாங்கள் பாறையிலும் ஆற்று முகத்திலும் நின்றோம்.

அவர் பிடித்து வந்த ஷாட் மீனைப் புளி ஊற்றிக் கத்திரிக்காய் போட்டு அம்மா குழம்பு வைப்பாள். ஏழு பேர் சாப்பிட்டோம். எங்களுக்குத் தூண்டில் என்றால் அதுதான். இன்று மீனைப் பிடித்து, அளந்து, படம் எடுத்து, திரும்ப விடுவதற்கு ஆயிரக்கணக்கில் ராட், அதற்குக் கடை கடையாக ஏறி இறங்குவது. இது காசுள்ளவர்களின் விளையாட்டு. ஒரு நல்ல பெண்ணை அதில் இழுத்துவிட வேண்டாம் என்று நினைக்கிறேன்.


பிளஃப்_மாமா | ஞாயிறு காலை 9.50

அண்ணே, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் என் வீட்டிலும் நடந்தது. அதனால்தான் நான் வேறு முடிவுக்கு வருகிறேன். நம்மைப் பாறைக்குத் தள்ளினார்கள், அந்தப் பாறையில் நின்று நாம் கற்றோம். அந்தக் காலத்தில் மாகாணச் சட்டை போட நம் ஆட்களுக்கு யார் இடம் கொடுத்தார்கள்? எங்கள் கரையில் நின்ற ஒருவர் ஸ்கார்பரோ என்ற மரச் சக்கர ரீலில் வீசினால் சுற்றி நிற்பவர்கள் வாய் திறந்து பார்ப்பார்கள். அவர் பேர் எந்த ஏட்டிலும் இல்லை. இந்தப் பெண்ணின் பேர் ஏறட்டும்.


அலைவாய் | ஞாயிறு மதியம் 1.20

சாலிஸ்பரி மாமா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நாங்களும் சாப்பிடப் பிடிக்கிறோம் மாமா. ஷாட் கிடைத்தால் ஆளுக்கு நாலு, 30 செ.மீ-க்குக் குறைந்தால் தண்ணீருக்கு. அம்மா தூத்துக்குடிக் கைப்பக்குவத்தில் வைப்பார். நான் விடுவது பெரிய திருக்கை, உழுவை மீன், சுறா. அதையெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. புரட்டாசி மாதம் வேறு இருக்கிறது. ஆயா வீட்டில் அந்த மாதம் மீன் வாசனையே ஆகாது. கடலுக்குப் போய் வந்தால் வாசலில் குழாயடியில் கை கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரணும். அந்த மாதம் பிடிக்கிற எல்லாமே திரும்பப் போகும். அது முடியும் முன்பே அக்டோபர் ஒன்றாம் தேதி ஷாட்டுக்குத் தடைக்காலம் வந்துவிடும், நவம்பர் கடைசிவரை.

தாத்தாவுடைய ஸ்கார்பரோ ரீல் என்னிடம் இருக்கிறது. மரச் சக்கரம். பல்லும் இல்லை, பிரேக்கும் இல்லை, உள்ளங்கைதான் பிரேக். விளிம்பில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். தாத்தாவின் கை பட்ட இடம். போன வருடம் அவர் தவறுவதற்கு முன்னால் அதை என் மடியில் வைத்து, "வச்சிக்கோ, ஆனா சும்மா வைக்காதே" என்றார். நான் போட்டிக்குப் போவது அதனால்தான். எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.


கரையோரம் | அமன்சிம்டோட்டி | ஞாயிறு மாலை 6.45

நான் பல வருடம் கிளப் நிர்வாகத்தில் இருந்தவன், அணித் தேர்விலும் உட்கார்ந்திருக்கிறேன். சில விஷயம் சொல்லிவிடுகிறேன்.

உன் நோட்டுதான் உன் சொத்து. 61-இல் 23 வெறுங்கை என்று எழுதினாயே, அதை மறைக்காதே. வெறுங்கை நாளையும் எழுதுகிறவள் மீன் நாளைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டாள் என்று படிப்பவருக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் நிறம், ஏற்றமா இறக்கமா, என்ன இரை, இவையும் அதில் இருக்கிறதா? இருந்தால் இரண்டு பக்கத்தைப் படமெடுத்துக் கடிதத்தோடு வை.

போட்டியை ஸ்பான்சருக்கு விளக்கு. நிறையப் பேர் இன்னும் செத்த மீனைத் தராசில் தொங்கவிடுவதுதான் போட்டி என்று நினைக்கிறார்கள். இப்போது மீனை ஈர விரிப்பில் கிடத்தி, சுறாவுக்கு வாலின் அடிவரை நீளம், திருக்கைக்கு அகலம் எடுத்து, அட்டவணையைப் பார்த்து எடை கணக்கிட்டு, உயிரோடு விடுகிறோம். இதைக் கேட்டதும் தயங்கிய கடைக்காரர்கள் முகம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். டர்பனில் உள்ள கடல் ஆராய்ச்சி நிறுவனம் 1984 முதல் மீனுக்கு எண் பட்டை போடும் திட்டம் நடத்துகிறது. நம்மைப் போன்ற தூண்டில்காரர்கள்தான் பட்டை போடுகிறார்கள். நீயும் அதில் சேர்ந்துகொள். நீ பட்டை போட்டு விட்ட சுறாவை இரண்டு வருடம் கழித்து வேறு ஒருவர் வேறு ஊரில் பிடித்தால் அந்தச் செய்தி உனக்கு வரும். அன்றைக்கு ஸ்பான்சருக்குச் சொல்ல உன்னிடம் ஒரு கதை இருக்கும்.

படங்களைச் சலித்துவிடு. செவுளில் கைவிட்டுத் தூக்கிய படம், உலர்ந்த மணலில் புரளும் மீன், அளவு குறைந்த மீன், ஒன்றுகூட இருக்கக் கூடாது. டிரோன் வைத்து இரை கொண்டுபோன வீடியோவில் நீ பக்கத்தில் நின்றிருந்தாலும் அழித்துவிடு. 2022-இல் நீதிமன்றமே அது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. கடல் மீன்பிடி அனுமதிச் சீட்டு காலாவதியாகாமல் இருக்கட்டும். பிடித்த மீனை விற்பதாக விளையாட்டுக்குக்கூட எழுதாதே, பொழுதுபோக்கு அனுமதியில் விற்கக் கூடாது.

அந்தத் 'தூதர்' கம்பெனிக்கு நன்றி சொல்லி விலகிவிடு. நீ காசு கொடுத்து வாங்கினால் நீ அவர்கள் வாடிக்கையாளர், அவ்வளவுதான். வேறு யாரோடு ஒப்பந்தம் போட்டாலும் உனக்கு 18 ஆகவில்லை, அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்து போட வேண்டும். உன் படங்களை எத்தனை நாள், எங்கே பயன்படுத்துவார்கள் என்பது எழுத்தில் இருக்கணும். வேறு கம்பெனிச் சாமானைத் தொடவே கூடாது என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்து போடும் முன் இரண்டு தடவை யோசி. இரவல் ராடில் பிடிக்கிற பெண் அப்படி ஒரு வாக்குக் கொடுக்க முடியாது.


கணக்கு_அக்கா | ஞாயிறு இரவு 8.02

வீடியோ பற்றி ஒரு வார்த்தை. தனியாக எந்தக் கரையில் எத்தனை மணிக்கு நிற்பாய் என்று முன்கூட்டிப் போடாதே. வீட்டுக்கு வந்த பிறகு போடு. பெண் பிள்ளை என்பதால் மட்டும் சொல்லவில்லை, பையனாக இருந்தாலும் இதையே சொல்வேன்.


அலைவாய் | செவ்வாய் இரவு 8.30

புதிதாக எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் உள்ள டயர் கடைக்கு. பாருங்கள்:

"வணக்கம். நான் உங்கள் கடைக்குப் பின்தெருவில் இருக்கிறேன். என் அப்பாவின் வெள்ளை வேனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் கரைத் தூண்டில் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். இரண்டு வருடத்தில் 61 தடவை கடலுக்குப் போயிருக்கிறேன், 38 தடவை மீன் பிடித்தேன், பெரிய மீன் ஒவ்வொன்றையும் அளந்து உயிரோடு விட்டேன். மாகாண அணித் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். தேறினால் எங்கள் வேன் போக வர 3,200 கிலோமீட்டர் ஓட வேண்டும். முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. நான் கேட்பது அந்த இரண்டு டயர். பதிலுக்கு ஒரு வருடம் என் சாமான் பெட்டியிலும் போட்டிச் சட்டையிலும் உங்கள் கடைப் பேர் இருக்கும். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி, படத்தோடு உங்கள் கடையில் கொண்டுவந்து தருவேன், மீன் கிடைக்காத போட்டியாக இருந்தாலும். நோட்டின் இரண்டு பக்கம் இணைத்திருக்கிறேன்."


கணக்கு_அக்கா | செவ்வாய் இரவு 8.41

கடைசி வரியை மாற்றாதே. "மீன் கிடைக்காத போட்டியாக இருந்தாலும்" என்று படித்ததும் நானாக இருந்தால் எழுந்து டயரை எடுத்துவிடுவேன்.


கரையோரம் | செவ்வாய் இரவு 9.10

தாத்தாவின் ரீலையும் கையோடு கொண்டுபோ. கடிதத்தில் எழுத வேண்டாம். மேஜைமேல் வை, அவரே கேட்பார்.


அலைவாய் | மூன்று வாரம் கழித்து, வெள்ளி இரவு 7.55

தாமதத்துக்கு மன்னிக்கவும், பரீட்சை இருந்தது.

டயர் கடைக்காரர் கடிதத்தைப் பாதிதான் படித்தார். அப்புறம் ரீலைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய பெரியப்பா நார்த் பியரில் நின்று பிடித்தவராம். சாளை ஓட்டம், அதாவது சாளை கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும் நாளில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுக் கூடை தூக்கப் போன கதையெல்லாம் சொன்னார். இரண்டு டயரும் தந்தார், சக்கரம் நேர் பார்த்தும் கொடுத்தார். சட்டையில் பேர் சின்னதாக இருந்தால் போதுமாம். ஒரு பக்கக் கடிதம் மட்டும் தவறக் கூடாது என்றார்.

இன்னும் நாலு இடத்துக்குப் போனோம். இரண்டு இடத்தில் இல்லை என்றார்கள், ஓர் இடத்தில் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். தூண்டில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ராட் தர முடியாது, ஆனால் நரம்பும் சாளையும் கணவாயும் கொள்முதல் விலைக்குத் தருகிறேன் என்றார். பதிலுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவர் கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தர வேண்டும். போன வாரம் ஆறு பேர் வந்தார்கள். ஒரு பையனுக்கு ஏழு வயது. நரம்பைப் பல்லால் கடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கவே அரை மணி ஆனது.

ராட் இன்னும் இரவல்தான். தேர்வு அடுத்த ஞாயிறு.


சாலிஸ்பரி_பேரன் | வெள்ளி இரவு 9.30

பாப்பா, தேர்வு எந்தக் கரையில்? அடி பாறையா மணலா?


அலைவாய் | வெள்ளி இரவு 9.34

மணல் மாமா, நடுவில் கொஞ்சம் பாறை. நீரோட்டம் வலுவாக இருக்கும் என்கிறார்கள்.


சாலிஸ்பரி_பேரன் | வெள்ளி இரவு 9.58

அப்படியானால் நரம்பில் கட்ட, கம்பிக்கால் வைத்த ஈயக் குண்டு வேண்டும். சாதாரண குண்டு போட்டால் ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். நான் வீட்டில் ஈயம் வார்க்கிறேன், அப்பா வைத்திருந்த அச்சு. ஐந்து அவுன்ஸில் இருபது, ஆறு அவுன்ஸில் இருபது போட்டுவைக்கிறேன். கம்பி நன்றாக வளையும், பாறையில் மாட்டினால் நிமிர்ந்து கழன்று வரும். பேர் எதுவும் எழுத வேண்டாம்.

வியாழன் சாயங்காலம் அப்பாவை ஐசிபிங்கோ ரெயில் மாரியம்மன் கோவில் வாசலுக்கு வரச் சொல். வாளியில் வைத்திருப்பேன். கனமாக இருக்கும், வேனிலேயே வரட்டும்.